டிஸ்க்கில் தடவிய எண்ணெய்

பூச்சில்லாத பச்சை இரும்பைப் பார்த்துவிட்டால் கடைசல்காரருக்குக் கை சும்மா இருக்காது. ஆயுசு முழுக்க லேத்தில் நின்ற மனிதர். ஓய்வு பெற்று மகள் வீட்டுக்கு வந்த பிறகும் சட்டைப் பையில் ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி இருக்கும். கதவுக் கீல், ஜன்னல் தாழ்ப்பாள், கத்தரிக்கோல் என்று ஒன்றும் அவரிடம் தப்பாது. "இந்த வீட்டுல இனிமே கிரீச்சுனு கத்துறது நீங்க மட்டும்தான்பா" என்று மகள் கிண்டல் செய்வாள்.

அன்று மாப்பிள்ளை வாசலில் காரைத் தூக்கி நிறுத்தி, முன் சக்கரங்களுக்குப் புது பிரேக் பேடும், அது கவ்விப் பிடிக்கிற புது இரும்பு டிஸ்க்கும் மாற்றிக்கொண்டிருந்தார். கடையிலிருந்து வந்த டிஸ்க்கில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருந்தது. அதை ஸ்பிரே அடித்து அவர் துடைத்து எடுத்ததைப் பார்த்துக் கடைசல்காரருக்கு வயிறு எரிந்தது. மழைக்காலம் வேறு. நாளைக்கே துருப்பிடித்துச் சிவந்துவிடும். கம்ப்யூட்டர் தட்டுகிற ஆளுக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும்? சொன்னால் மட்டும் கேட்டுவிடப் போகிறாரா? டிஸ்க்கை மாட்டிவிட்டு மாப்பிள்ளை ஃபோன் பேச உள்ளே போன சமயம் பார்த்து, துணியில் எண்ணெய் விட்டு இரண்டையும் முன்னும் பின்னும் தடவினார். பிறகு ஒன்றும் தெரியாதவர் போல் நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டார். திரும்பி வந்து பேடுகளை மாட்டும்போது கையுறை போட்டிருந்ததால் மாப்பிள்ளைக்கு எதுவும் தெரியவில்லை.

சக்கரங்களை மாட்டி, வண்டியை இறக்கி, பிரேக் பெடலைக் கெட்டியாகும் வரை மிதித்து மிதித்துப் பார்த்தார் மாப்பிள்ளை. ஓட்டிப் பார்ப்பதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன் வந்தது. பேத்திக்குக் காய்ச்சலாம்.

"குடுங்க சாவிய. நான் போறேன்" என்று மகள் ஓடி வந்தாள்.

"இரு, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு..."

"புள்ள அங்க சுருண்டு கெடக்கு, ரவுண்டாம் ரவுண்டு!"

கார் தெருமுனையில் திரும்பி இறக்கத்தில் மறைந்தது.

மாப்பிள்ளை வாசல் குழாயில் கை கழுவினார். "புது பேட் மாமா, முதல்ல கொஞ்சம் மந்தமாத்தான் பிடிக்கும். ஓட ஓடச் சரியாயிடும். டிஸ்க்ல மட்டும் எண்ணெப் பிசுக்கு இருக்கக் கூடாது. பட்டா வழுக்கிட்டே போகும். அதுக்குத்தான் அப்படித் தொடச்சேன்."

கடைசல்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சைக்கிள் ரிம்மில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காதென்று தெரியாதவரா அவர்? துருவை நினைத்த நேரத்தில் அந்தப் புத்தி எங்கே போய்த் தொலைந்ததோ! இறக்கம் முடிகிற இடத்தில் லாரி ஓடும் சாலை. சொல்ல வாயெடுத்தார். சொன்னால் இந்த வீட்டில் இனி எந்த முகத்தோடு உட்காருவது என்ற எண்ணம் குறுக்கே வந்து நின்றது. பெற்ற மகள் அங்கே போய்க்கொண்டிருக்க, இப்படியும் ஒரு நினைப்பா என்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"மாப்ளே... அந்த டிஸ்க்ல நான் எண்ணெ போட்டுட்டேன்."

"என்னது?"

"துருப் பிடிக்கும்னு..."

மாப்பிள்ளை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஈரக் கையோடு மனைவியின் நம்பரைப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள். வண்டி ஓட்டும்போது ஃபோனைத் தொடக் கூடாதென்று அவளுக்கு ஓதி ஓதிப் பழக்கியவரே அப்பாதான்.

இருவரும் ஓடினார்கள். கடைசல்காரரின் செருப்பு ஒன்று கழன்று எங்கோ போயிற்று. கீழேயிருந்து ஒரு லாரியின் ஹாரன் நீளமாக அலறியது. "என்னைக் கொண்டுபோயிரு சாமி, அவள விட்டுரு" என்று முனகிக்கொண்டே ஓடினார்.

வளைவு தாண்டியதும் கார் தெரிந்தது. பெரிய சாலைக்குக் கொஞ்சம் முன்னால், யார் வீட்டு மதிலையோ உரசிக்கொண்டு கோணலாக நின்றிருந்தது. மகள் வெளியே கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். உயிரோடு இருந்தாள்.

"மிதிக்க மிதிக்க நிக்கவே இல்ல!" என்று புருஷனைப் பார்த்துக் கத்தினாள். "ஹேண்ட் பிரேக்க இழுத்து, செவுத்துல ஒரசி நிறுத்துனேன். என்னத்த மாட்டுனீங்க?"

மாப்பிள்ளை மூச்சு வாங்கியபடி நின்றார். மாமனார் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அவள் அப்பாவைப் பார்த்தாள். "ஆயுசு முழுக்க மிஷின்ல நின்னவராச்சேப்பா. நீங்களாவது பக்கத்துல இருந்து பாத்திருக்கக் கூடாதா?"

அவர் சட்டைப் பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"பக்கத்துலதாம்மா இருந்தேன்."