மெழுகு தடவியது யார்?

எங்கள் அடையாறு வீட்டு டிரெஸ்ஸிங் டேபிளின் கீழ் டிராயர், மூடினாலும் தானாகத் திறந்துகொள்ளும். இதற்குப் போய் ஆளைக் கூப்பிடுவானேன் என்று, மாதா கோயிலுக்கு வாங்கி மிஞ்சிய மெழுகுவர்த்தியை எடுத்து அதன் ஓரமெல்லாம் தேய்த்தேன். வழவழவென்று மூடியது. மூன்று நாள் அடையாறிலேயே என்னை மிஞ்சிய தச்சர் இல்லை.

நான்காம் நாள், என் மனைவி வெரோனிகாவின் முழங்காலில் நீலமாக ஒரு வீக்கத்தைப் பார்த்தேன்.

"டிராயர்ல இடிச்சுக்கிட்டேன். முன்னவிட ஜோரா வெளிய வருது," என்றாள்.

"சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க விசிலடிச்சிட்டு இருந்தீங்க. எப்படிச் சொல்றது?"

உடனே தச்சர் எத்திராஜை வரவழைத்தேன். டிராயரை இழுத்துப் பார்த்தவர், "தரை முன்பக்கம் சாஞ்சிகினு கீது சார். முன்காலு ரெண்டுக்கும் அடியில கட்டை வெச்சா முடிஞ்சிது. ஆனா, தானா தொறக்கற டிராயருக்கு மெழுகு தடவுனது யாரு?" என்றார்.

"நான்தான்," என்றாள் வெரோனிகா.

"இன்னாம்மா, பாத்தா படிச்சவங்க மாதிரி கீறீங்க..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. நான் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் வலிக்கிற முழங்காலோடு கால் மாற்றி மாற்றி நின்றபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. "எத்திராஜ், அவ இல்ல. நான்தான் தடவினேன்."

எத்திராஜ் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். வெரோனிகா நாற்காலியை இழுத்துப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள். இரண்டாம் தரம் கேட்க அவளுக்கு இன்னும் நன்றாக இருந்தது போலும்.