சொட்டு மாஸ்டரின் சிவப்பு

இணையதளம் வடிவமைக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் அவனுக்குச் சொட்டு மாஸ்டர் என்று பெயர். கணினித் திரையில் எந்த நிறத்தைக் கண்டாலும் முதலில் சொட்டுக்குழாய் படம் போட்ட கருவியைத்தான் எடுப்பான். நிறத்தின் மேல் வைத்து ஒரு கிளிக். எண்ணும் எழுத்தும் கலந்து ஆறு இலக்கத்தில் அதன் கலர் கோட் வந்து விழும். அதைக் காப்பி எடுத்து வேண்டிய கட்டத்தில் ஒட்டுவான். வெள்ளைப் பக்கத்தைக்கூடச் சொட்டு வைத்துப் பார்த்த பிறகுதான் வெள்ளை என்று ஒத்துக்கொள்வான். "கண்ணு பொய் சொல்லும், கோட் பொய் சொல்லாது" என்று வசனம் வேறு.

மற்றவர்கள் அதைத் தொழில் பக்தி என்று நினைத்தார்கள். பக்தியாவது மண்ணாவது. அவனுக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது, அவ்வளவுதான்.

விஷயம் மனைவிக்கு மட்டும் தெரியும். கல்யாணமான புதிதில் அவளுடைய சிவப்புச் சேலையைப் பார்த்து, "பச்சை உனக்கு எடுப்பா இருக்கு" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். அவளுடைய தம்பிக்குத் தெரியாது. அந்த மச்சான் இதே அலுவலகத்தில் புரோகிராம் எழுதுகிறவன், ஓட்டை வாய். அவனுக்குத் தெரிந்தால் முதலாளி மேடத்துக்குத் தெரியும். மேடத்துக்குத் தெரிந்தால் வேலை காலி. நிறம் தெரியாதவனை நிறம் போட யார் வைத்துக்கொள்வார்கள்?

அன்றைக்கு ஒரு பெயிண்ட் கடைக்காரரின் வேலை. அவருக்கு நாலு கடை, நாலுக்கும் ஒரே செங்கல் சிவப்பு. அப்பா காலத்திலிருந்து முத்திரையில் இருக்கும் சிவப்பு. மாஸ்டர் முத்திரையில் சொட்டு வைத்தான். A63D2F. காப்பி எடுத்தான். அந்த நேரம் பார்த்து உள் அறையிலிருந்து மேடம் கத்தினார்.

"ஆபீஸ் மெயிலுக்கு ஓடிபி வந்திருக்கும், சீக்கிரம் அனுப்புங்க! டைம் முடிஞ்சிடும்!"

அலுவலக மெயில் அவன் கணினியில்தான் திறந்திருக்கும். ஓடிபியைக் காப்பி எடுத்து அனுப்பினான். அப்புறம் விட்ட இடத்துக்கு வந்து நிறக் கட்டத்தில் ஒட்டினான். ஒட்டியது எது என்று பார்க்கவில்லை. கடைசியாகக் காப்பி எடுத்தது ஓடிபியைத்தானே! அதுவும் ஆறு இலக்கம். கணினிக்கு என்ன போச்சு? ஆறு இலக்கத்தைக் கொடுத்தால் ஏதோ ஒரு நிறத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். 386641க்கு அது காட்டியது நல்ல கரும்பச்சை.

மதியம் கடைக்காரர் வந்தார். பெரிய திரையில் இணையதளம் விரிந்தது. மேடத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. மச்சான் வாயைப் பிளந்தான். அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்ட மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தினான்.

"உங்க அப்பா காலத்துச் சிவப்பு சார். இம்மி பிசகல."

கடைக்காரர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். கண் கலங்கியிருந்தது. "இதேதான் தம்பி! இதே சிவப்புதான்! கோட் சொல்லுங்க, போர்டு எல்லாத்தையும் இதுலயே புதுசா அடிக்கச் சொல்லிடறேன்" என்று போனை எடுத்தார்.

மேடம் மூச்சு விடவில்லை. வாடிக்கையாளரே சிவப்பு என்கிறபோது பச்சை என்று சொல்ல அவருக்கு என்ன பைத்தியமா?

மாஸ்டர் கோட் படிக்கக் குனிந்தான். முன்னால் ஏ இல்லை, பின்னால் எஃப் இல்லை, வெறும் எண். காலையில் அனுப்பிய ஓடிபி பல்லை இளித்துக்கொண்டிருந்தது. சிவப்பின் கோட் அவனுக்கு மனப்பாடம். "ஒரு நிமிஷம் சார், சின்னத் திருத்தம்" என்று அவசரமாகத் தட்டினான். மேடமும் மச்சானும் பெருமூச்சு விட்டதிலிருந்து, திரை ஒழுங்காகிவிட்டது என்று தெரிந்துகொண்டான். காப்பி எடுத்ததில் தவறு என்று சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம்.

"என்ன தம்பி திருத்தம்? ஒண்ணுமே மாறலையே?" என்றார் கடைக்காரர்.

மச்சானால் அடக்க முடியவில்லை. களுக்கென்று சிரித்துவிட்டான். "சார், இவ்வளவு நேரம் முழுக்கப் பச்சையா இருந்துது! உங்களுக்குத் தெரியலையா?"

கடைக்காரரின் முகம் சுண்டிப்போனது. "அது... கண்ணாடியை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன்" என்றார். கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது.

மச்சான் மறுபடி சிரித்தான். மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. அவனும் எத்தனையோ பேரிடம் சொன்ன பொய்தான் அது, அவன் கண்ணாடியே போடாதவன் என்பதுதான் வித்தியாசம். வேலை போனால் போகட்டும், இந்த மனுஷனைத் தனியாக நிற்க வைக்கக் கூடாது என்று தோன்றியது.

"எனக்கும் ஒண்ணும் மாறலை சார்" என்றான். "சிவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுதான். சின்ன வயசுலேர்ந்தே. இந்தச் சொட்டை வச்சுக் கோட் பார்த்துத்தான் நிறம் போடறேன்."

மச்சானின் சிரிப்பு தொண்டையிலேயே நின்றது. மேடம் எதையோ சொல்ல வாயெடுத்து, கடைக்காரரைப் பார்த்து மூடிக்கொண்டார்.

கடைக்காரர் நாற்காலியை இழுத்து மாஸ்டருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"நான் டப்பா மூடியில இருக்கிற எழுத்தைப் படிச்சுத்தான் இத்தனை வருஷமா பெயிண்ட் விக்கிறேன். எங்க அப்பாகிட்டகூடச் சொன்னதில்ல. அந்தச் சொட்டு என் போன்ல வருமா தம்பி?"