நான்காம் எண் பெண்

சுபாஷிணிக்கு மேஜர் கெமிஸ்ட்ரி. அது அப்பா செல்லதுரையின் தேர்வு. கொச்சியில் வில்லிங்டன் தீவுத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் அவர். ஒருமுறை ஏலூரில் சரக்கு இறக்கப் போனபோது, வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள் தொழிற்சாலைக்குள் போய்வருவதைப் பார்த்தார். அன்றைக்கே மகளின் படிப்பு முடிவாகிவிட்டது. துணைக்கு மைனர் பாடம் என்று ஒன்று உண்டென்பது அவருக்குத் தெரியாததால், அது மட்டும் அவள் இஷ்டப்படி அமைந்தது. கூடப் படிப்பவர்கள் கணக்கும் பிசிக்ஸும் எடுத்தபோது இவள் சமூகவியல் எடுத்தாள். மட்டாஞ்சேரியில் இரண்டு அறை வீட்டில் வளர்ந்தவளுக்கு, தன் தெருவில் நடப்பதைப் பற்றிக் கேள்வி கேட்கவும் ஒரு பாடம் இருக்கிறதென்பது ஆச்சரியமாக இருந்தது.

இரண்டாம் செமஸ்டரில் சமூகவியல் நடத்தும் தன்யா மிஸ் ஒரு கள ஆய்வு கொடுத்தார். ஏதாவது ஒரு வேலையிடத்தில் பத்துப் பேரைச் சந்தித்துக் கேட்டு எழுத வேண்டும். சுபாஷிணி வெகுதூரம் தேடவில்லை. அம்மா பாண்டிச்செல்வி வேலை செய்யும் சுக்குக் கிடங்கிலேயே பத்துப் பெண்கள் இருந்தார்கள்.

அவர்களில் நன்றாகப் பேசியவள் ஒச்சம்மாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து இருபத்திரண்டு வருடம் அந்தக் கிடங்கில் சுக்கு சலித்தவள். சுபாஷிணி வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித் தனியாக இருந்தாள். சுபாஷிணி அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். மற்றவர்கள் 'ஒண்ணும் குறையில்ல' என்று முடித்துக்கொண்டபோது, அவள் சாயா போட்டுக் கொடுத்து உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். தூசியில் வந்த மூச்சு இழுப்பு, தூசி போகக் கதவைத் திறந்துவிட மறுப்பது, கழிப்பறைக்கு அடுத்த தெரு வரை ஓடுவது, எடைமேடையில் நசுங்கி இடது சுண்டுவிரல் போனது, அதற்கு ஒரே ஒரு நாள் லீவு விட்டது. பேரைப் போட மாட்டேன் என்று சுபாஷிணி வாக்குக் கொடுத்தாள்.

பேரைப் போடவும் இல்லை. மலையாளத்தில் அழகாக எழுதி, 'நான்காம் எண் பெண்' என்று குறித்தாள். வயது ஐம்பத்தெட்டு, இடது சுண்டுவிரல் கிடையாது என்பதையும் எழுதினாள். வாசிப்பவர் மனதில் அது நிற்கும் என்று நினைத்தாள். ஆளை அடையாளம் காட்டும் எதையும் எழுதக்கூடாது என்று மிஸ் வகுப்பில் சொல்லியிருந்தார். பேரை மறைத்தால் போதும் என்றுதான் இவள் புரிந்துகொண்டிருந்தாள். மிஸ் இரண்டு தடவை வாசித்தும் அவர் கண்ணிலும் அது படவில்லை. அதுதான் வகுப்பிலேயே சிறந்த கட்டுரை என்று துறைக் கண்காட்சியில் ஒட்டினார்கள். யாரோ போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டார்கள். நாலாம் நாள் அது கிடங்கு முதலாளியின் போனுக்கு வந்தது.

மேற்பார்வை பார்க்கும் சந்தீப் பெண்களை வரிசையாக நிற்க வைத்தான். விரல்களை எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. எழுதின பெண் யார் மகள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பாண்டிச்செல்வி வாயைத் திறப்பதற்குள் ஒச்சம்மாள் முந்திக்கொண்டாள். நான்தான் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு எழுதச் சொன்னேன், தாய்க்காரிக்கு ஒன்றும் தெரியாது என்றாள். அன்றே அவளை வெளியே அனுப்பினார்கள். மீதி ஒன்பது பேரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள்.

சாயங்காலம் அம்மா அரிசி களைந்துகொண்டே, நிமிராமல் சொன்னாள்.

"நானும் போட்டுட்டேன். நீ எழுதினதெல்லாம் பொய்யின்னு இருந்துச்சு அதுல."

களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு அரிசியை அடுப்பில் ஏற்றினாள்.

ஒச்சம்மாள் கும்பளங்கியில் இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போனாள். ஐஸ் தண்ணீரில் நின்று செய்கிற வேலை. பதினோரு நாளில் விரல்கள் வெடித்து, இழுப்பும் அதிகமாகி, திரும்பி வந்து படுத்துவிட்டாள். அம்மா தினமும் கஞ்சி கொண்டுபோனாள். சுபாஷிணி அந்த வீட்டைத் தாண்டாமல் இருப்பதற்காகவே, கல்லூரிக்குப் படகு பிடிக்கச் சுற்றுவழியாகப் படகுத்துறைக்குப் போனாள்.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் மைனரை மாற்றிக்கொள்ள ஒருமுறை வாய்ப்புத் தருவார்கள். அந்த வெள்ளிக்கிழமை ஐந்து மணியோடு அதற்கான இணையப் போர்ட்டல் மூடிவிடும். புதன்கிழமை மிஸ்ஸைப் பார்த்து மாறப்போவதாகச் சொன்னாள். இவ்வளவு நன்றாக எழுதுகிறவள் ஏன் விட வேண்டும் என்று அவர் கேட்டார். சுபாஷிணி ஒச்சம்மாளைப் பற்றிச் சொன்னாள். மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், நானும் கூட வருகிறேன் என்றார். எல்லாம் பொய் என்று ஒன்பது பேர் கையெழுத்துப் போட்ட தாள் கிடங்குக்காரர்களிடம் இருக்கிறது, அதில் என் அம்மாவின் கையெழுத்தும் உண்டு என்று இவள் சொன்னதும், அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் நூலகத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, சமூகவியலை நீக்கிவிட்டுக் கணக்கைத் தேர்ந்தெடுத்தாள். உறுதிதானா என்று போர்ட்டல் இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் அழுத்தினாள். மனது கொஞ்சம் லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல். கஞ்சியை இவள்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒச்சம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெடித்த விரல்களில் மருந்து பூசியிருந்தது. வா தாயி என்று பழையபடியே கூப்பிட்டாள். கஞ்சியை ஊற்றிக் கொடுத்தபோது மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் படிப்ப விட்டுட்டியாமே. ஒங்கம்மா சொன்னா."

"ஆமா பெரியம்மா. என்னாலதானே ஒங்களுக்கு இப்படி ஆச்சு. இனிமே அது வேண்டாம்னு தோணுச்சு."

ஒச்சம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மூச்சு வாங்கி முடிக்கச் சிறிது நேரமானது.

"வேலை போனது போச்சு. ஒரு புள்ள இதெல்லாம் எழுதுது, பெரிய படிப்புப் படிச்சு நாளைக்கி இன்னும் எழுதும்னு நெனச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். நீயும் விட்டுட்டா, நான் சொன்னதெல்லாம் என்னத்துக்கு தாயி?"

மறுபடி மாற்ற முடியாதா என்று கேட்டாள். முடியாது, அந்த வாய்ப்பு முந்தாநாளோடு முடிந்தது என்று சுபாஷிணி சொன்னாள். ஒச்சம்மாள் தலையசைத்தாள். கோபப்படவில்லை. கிண்ணத்தை எடுத்து இரண்டு கைகளாலும் பிடித்துக் குடிக்கத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை சுபாஷிணி கணக்கு வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பலகையில் எழுதியதையெல்லாம் பார்த்து எழுதிக்கொண்டாள். ஒன்றும் புரியவில்லை. புரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை.