ஏசிக்கு வைத்த முறை

ஏசி மறுபடியும் நின்றுவிட்டது.

கையில் கிரீம் பையோடு ஹேமாவதி அப்படியே நின்றாள். கல்யாணக் கேக்கின் இரண்டாம் அடுக்கு ஓரத்தில் பாதி வட்டத்துக்குக் கிரீம் பூ வைத்தாயிற்று, மீதிப் பாதி மொட்டையாக நிற்கிறது. மணி பன்னிரண்டரை. வெளியே சித்திரை வெயில் சுருளிப்பட்டியைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தது. கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு எல்லாவற்றிலும் பழைய துணியைத் திணித்து, உள்ளே இருபத்திரண்டு டிகிரியைக் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் அவளுக்குக் காலை முழுக்கச் செலவாகியிருந்தது. இப்போது பொசுக்கென்று நின்றால் என்ன அர்த்தம்?

அர்த்தம் அவளுக்குத் தெரியும். லைன் கரண்ட் போகவில்லை, மெஷினும் பழுதில்லை. மாமனார்தான்.

தங்கப்பாண்டியன் பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய்க்கால் மதகைத் திறக்கிறதும் மூடுகிறதும்தான் முப்பத்தோரு வருஷ வேலை. இன்றைக்கு இந்தத் தோட்டத்துக்கு, நாளைக்கு அந்தத் தோட்டத்துக்கு என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவார். முறை என்றால் முறைதான். ஒரு நிமிஷம் முந்தியும் கிடையாது, பிந்தியும் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு மூடுவதற்கு ஒன்றும் கிடைக்காமல் ஆறு வருஷம் தவித்தார் மனுஷர். இந்த மாசியில் மொட்டை மாடியில் சோலார் வந்தது. வந்ததா, பிடித்துக்கொண்டார்.

மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர் இருக்கிறது. அதற்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டார். சுவரில் சாக்பீஸால் மூன்று கோடு இழுத்து வரத்து, வெளியேற்றம், மட்டம் என்று தலைப்புப் போட்டார். பேனலிலிருந்து வருவது வரத்து. வீடு இழுப்பது வெளியேற்றம். பேட்டரியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது மட்டம். மணிக்கொரு தரம் எழுதுவார். அதோடு விட்டாலாவது பரவாயில்லை, முறையும் வைத்துவிட்டார். காலையில் தண்ணீர்த் தொட்டிக்கு, அதன் பிறகு கிரைண்டருக்கு, அதன் பிறகு வாஷிங் மெஷினுக்கு. ஏசி கடைசி அறையில் இருக்கிறதாம், அதனால் அது கடைமடையாம். மிச்சம் இருந்தால்தான் அதற்கு! சோலார் போட்டதே அந்த ஏசிக்காகத்தான் என்பதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் அணைத் தண்ணீரில் கரண்ட் எடுக்கிறார்கள். இங்கே, இத்தனை பக்கத்தில், பகலில் ஒரு ஏசி ஓட வோல்டேஜ் கிடையாது. சுற்றி இருக்கிற திராட்சைத் தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஒரே டிரான்ஸ்பார்மரில் தொங்கிக்கொண்டு உறிஞ்சினால் வீட்டுக்கு என்ன வரும்? தை மாதம் கூடலூர்க் கல்யாணத்துக்கு அவள் செய்த கேக் அதனால்தான் போயிற்று. கிரீம் போடும்போது ஏசி ஓடவில்லை, ஓடும் என்று நம்பிப் போட்டாள். மண்டபத்தில் மாப்பிள்ளை கத்தியைத் தொட்டதும் மேல் அடுக்கு வழுக்கிக்கொண்டு பொண்ணின் பட்டுச்சேலையில் இறங்கியது. கம்பத்திலிருந்து தேனி வரை அந்த வீடியோவைப் பார்க்காத போன் இல்லை. அன்றையிலிருந்து அரைக் கிலோ பிறந்தநாள் கேக் தவிர ஒரு ஆர்டர் வரவில்லை. ஏழு வருஷம் கஷ்டப்பட்டுச் சேர்த்த பேர், ஒரு நிமிஷ வீடியோவில் காலி.

இப்போது தேனியில் பாத்திரக்கடை வைத்திருக்கிற ஜெபராணி, மகன் ஜோஷ்வாவின் கல்யாண வரவேற்புக்கு மூன்றடுக்குக் கேக் கேட்டிருந்தார்கள். "அந்த வீடியோ எனக்கும் வந்துச்சும்மா. சிரிச்சேன். பெறகு தங்கச்சி வீட்ல ஒன் கேக்கத் தின்னேன். நீயே செய்யி" என்று நேராகச் சொன்ன பொம்பளை. இதுவும் சாய்ந்தால் அடுப்பை விற்றுவிட்டுப் பேசாமல் இருந்துவிட வேண்டியதுதான் என்று ஹேமாவதி முடிவு செய்திருந்தாள். நாலு மணிக்கு வேன் வரும்.

அறையை விட்டு வெளியே வந்தாள். மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சுவரில் எழுதிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஏசிய அமத்துனீகளா?"

"ஆமாத்தா. மலைப் பக்கம் மேகம் ஏறிருச்சு பாரு. ரெண்டாயிரம் வாட்டு வந்துக்கிட்டிருந்தது இப்ப நானூறுதான் வருது. வரத்துக் கொறஞ்சா மதக எறக்கிறணும். மட்டம் அம்பதுக்குக் கீழ போகக் கூடாதுல்ல."

"இது அணை இல்ல மாமா, பேட்டரி!"

"தேங்கி நிக்கிறது எல்லாம் ஒண்ணுதேன். செத்த நேரம் பொறு. மேகம் வெலகட்டும், தொறந்து விடுறேன்."

"கிரீம் பொறுக்காது மாமா! காலையிலயே படிச்சுப் படிச்சுச் சொன்னேன், இன்னைக்கு மட்டும் அதத் தொடாதீகன்னு."

"சொன்ன. அதுக்காகக் கண்ண மூடிக்கிட்டு வத்த விடச் சொல்றியா? நான் முப்பத்தோரு வருசம்..."

அந்த முப்பத்தோரு வருஷம் என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இந்த இரண்டு மாதமாக அரிசி ஊறுகிற நேரத்தில் கிரைண்டர் முறை முடிந்துவிட்டது என்று கேட்டது, நனைந்த துணியோடு மெஷின் நின்றது, எல்லாம் சேர்ந்து வாயில் வந்து நின்றது.

"முப்பத்தோரு வருசம் ஊருக்குத் தண்ணிய அடைச்சது பத்தலையா? இப்ப என் பொழப்பையும் அடைச்சாத்தான் தூக்கம் வருமா ஒங்களுக்கு?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. தங்கப்பாண்டியன் சாக்பீஸை ஜன்னல் திண்டில் வைத்தார். எழுந்து ஏசி சுவிட்சைத் தூக்கிவிட்டார். கொடியில் கிடந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்ற மொபெட்டை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

போகட்டும், இன்றைக்கு ஒரு நாளாவது நிம்மதியாகப் போகட்டும் என்று அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஏசி உறுமியது. மீதிப் பாதிக்குப் பூ வைத்தாள். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று ஒரு பக்கம், சொல்லாமல் வேறென்ன செய்வது என்று ஒரு பக்கம். நடுவில் கிடந்து அவள் கிரீமைப் பிதுக்கினாள்.

ஒன்றேகால் மணிக்கு இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். மேகம் விலகவே இல்லை. கேரளாப் பக்கமிருந்து ஏறி, மலைக்கு மேல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. வரத்து முந்நூறு. மட்டம் இருபத்தொன்று. அந்த மனுஷர் சொன்னது சரியாகப் போனதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. இருபதைத் தொட்டதும் டக்கென்று வீடு லைன் கரண்டுக்கு மாறியது. லைனில் நூற்று அறுபத்திரண்டு வோல்ட். ஏசி விளக்கு இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது.

புருஷன் சுரேஷ்கண்ணன் போடியில் ஒரு ஏலக்காய்க் கம்பெனியில் மேனேஜர். போன் போட்டாள்.

"அப்பாட்டக் கொஞ்சம் பொறுமையாச் சொல்லிப் பாரேன்" என்றான் அவன்.

"அவரு வீட்ல இல்ல. பேட்டரி காலி. வோல்டேஜ் இல்ல. நான் யார்ட்டப் பொறுமையாச் சொல்ல, கேக்குட்டயா?" என்று கட் பண்ணினாள். இவனும் ஒரு ஆள், இவனுக்கும் ஒரு போன்!

அறையில் இருபத்தாறு. இருபத்தேழு. ஈரத்துணியைக் கட்டினாள், ஐஸ்கட்டியைத் தட்டில் போட்டுச் சுற்றி வைத்தாள். இருபத்தெட்டு. பூக்களின் நுனி பளபளக்கத் தொடங்கியது. அது என்ன பளபளப்பு என்று அவளுக்குத் தெரியும், இளகுவதற்கு முந்தின பளபளப்பு. மேல் அடுக்கு இன்னும் ஏற்றவே இல்லை. இந்தப் பதத்தில் ஏற்றினால் கூடலூர்தான். அவளுக்கு அழுகை வந்தது. கிரீமில் கண்ணீர் விழுந்துவிடக் கூடாதே என்று தள்ளிப் போய் நின்று அழுதாள்.

இரண்டு மணி இருக்கும். கூடத்தில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் வேகம் பிடிக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்து இன்வெர்ட்டரை எட்டிப் பார்த்தாள். லைன் நூற்று எழுபத்தைந்து. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூற்றுத் தொண்ணூறு. கொஞ்ச நேரம் அங்கேயே முரண்டு பிடித்துவிட்டு, ஒரே தாவாக இருநூற்று இருபது. பட்டப்பகலில், இந்த ஊரில், இருநூற்று இருபதா! ஏசி தானாகவே உயிர் பிடித்து ஓட ஆரம்பித்தது. ஏன், எப்படி என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. உள்ளே ஓடினாள்.

இரண்டே முக்காலுக்கு ஜன்னல் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு வந்து நின்றாள் மாரீஸ்வரி. அடுத்த தோட்டத்துக்காரி. ஹேமாவதி துணியை விலக்கி ஒரு விரல் அளவு திறந்தாள்.

"ஏ ஹேமா, என்னடி நடக்குது ஒங்க வீட்ல? ஒன் மாமனாரு வந்து எங்க மோட்டார நிப்பாட்டச் சொல்லிட்டாக. ரெண்டு மணியிலருந்து நாலு மணி வரைக்கும் ஹேமா வீட்டு முறையாம்!"

"என்னக்கா சொல்றீக?"

"எங்க ஒருத்தருக்கு மட்டுமா? பதினோரு மோட்டாரு! தோட்டந்தோட்டமாப் போயி, முறைன்னாக. பழைய லஸ்கரு வந்து முறைன்னா எவன் எதுத்துப் பேசுவான்? எல்லாரும் நிப்பாட்டிட்டோம், பேச்சிமுத்தத் தவிர."

பேச்சிமுத்துவின் மோட்டார்தான் அந்த டிரான்ஸ்பார்மரிலேயே பெரியது. பதினாறு வருஷத்துக்கு முன்னால், தண்ணீர் இல்லாத ஒரு வருஷத்தில், முறை மீறி ராத்திரியில் பாய்ச்சினார் என்று தங்கப்பாண்டியன் அவர் மதகைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விட்டார். நெல் கருகிப் போயிற்று. அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எதிரே வந்தால் ஒருவர் சந்துக்குள் திரும்பிவிடுவார்.

"அவருட்டயுமா போனாக?"

"போனாகளா? நாங்க அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டு நிக்கிறோம். 'அன்னைக்கு என் மதகப் பூட்டுனது தப்புன்னு சொல்லு, நிப்பாட்டுறேன்'ங்கிறாரு அந்தாளு. ஒன் மாமனாரு கையெடுத்துக் கும்புட்டு, தப்புத்தேன்னு சொல்லிட்டாக. எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு. அதுக்குப் பெறகுதேன் அந்தாளும் நிப்பாட்டுனாரு. இப்ப அங்கனயேதேன் நிக்கிறாக. நாலு மணி வரைக்கும் எவனும் சுவிச்சப் போட்றக் கூடாதுன்னு."

ஹேமாவதி ஜன்னலைச் சாத்தினாள். ஒரு தோட்டத்தில் ஒரு வாய் காப்பி வாங்கிக் குடிக்காத மனுஷர். முறை மீறினால் சொந்த மச்சான் மதகையும் பூட்டினவர். அவரைக் கும்பிட வைத்துவிட்டோமே! இப்போது நினைத்து என்ன செய்ய? இருபத்திரண்டு டிகிரி வந்துவிட்டது. நாலு மணி வரைக்கும்தான் முறை. மேல் அடுக்கைத் தூக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு நடுவில் இறக்கினாள். அது அசையாமல் உட்கார்ந்தது.

நாலுக்கு வேன் வந்தது. நாலேகாலுக்கு லைன் மறுபடி நூற்று அறுபத்தைந்துக்கு இறங்கியது. ஐந்தரைக்கு ஜெபராணி போன் பண்ணினார்கள். "மேடையில வச்சாச்சும்மா. ஜம்முனு நிக்குது. போட்டோ எடுக்கவே கூட்டம்" என்றார்கள். வேறு நாளாக இருந்தால் அவள் வீட்டைச் சுற்றி ஓடியிருப்பாள்.

மாமனார் அதற்குள் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வெயிலில் கன்றிப் போயிருந்தது. அவள் சொம்பில் மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிக் குடித்தார்.

"இருவது வரைக்கும் எறக்கி விட்டுருக்க" என்றார், இன்வெர்ட்டரைப் பார்த்தபடி.

"மாமா, பேச்சிமுத்துட்டத் தப்புன்னு சொன்னீகளாமே."

"சொன்னேன்."

"தப்பா அது?"

"எவன் சொன்னது? முறை மீறி எடுத்தான், பூட்டுனேன். அன்னைக்குப் பூட்டலைன்னா கீழ நாப்பது குடும்பம் பட்டினி. நாளைக்கு எடுத்தாலும் பூட்டுவேன்."

"பெறகு எதுக்கு மாமா அவரப் போயிக் கும்புட்டீக?"

அவர் சொம்பைக் கீழே வைத்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"ஊருக்குத் தண்ணிய அடைச்சவன்னு என் வீட்டுப் புள்ள நீயே சொல்லிட்ட. அதுக்கு மேல அவன்ட்டத் தப்புன்னு சொன்னதுல எனக்கு என்னத்தா கொறஞ்சிருச்சு?"