பனிமலை ரயிலின் சமையல்காரர்

2024 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மதுரை வில்லாபுரத்தில் ஒரு வீட்டின் மாடி அறையில், தமிழ்வாணி என்ற இருபத்தொன்பது வயதுப் பெண் மடிக்கணினியைத் திறந்து, அதில் முன்பே இறக்கி வைத்திருந்த ஒரு விளையாட்டைத் தொடங்கினாள்.

விளையாட்டு அந்தக் கணினிக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. தனியாகப் பழகிப் பார்க்கும் பகுதியை அவள் பலமுறை முடித்துவிட்டாள். எந்த விசைக்கு என்ன வேலை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். பிறரோடு சேர்ந்து மட்டும் ஒருமுறைகூட ஆடியதில்லை.

அது நான்கு பேர் ஆடும் விளையாட்டு. ஒரு சரக்கு ரயிலைப் பனிமலைக்கு அந்தப் பக்கம் கொண்டு சேர்க்க வேண்டும். ஒருவர் இன்ஜினை ஓட்டுவார், ஒருவர் கரி அள்ளிப் போடுவார், ஒருவர் பிரேக்கைப் பார்த்துக்கொள்வார், ஒருவர் கடைசிப் பெட்டியில் சூப் காய்ச்சுவார். குளிரில் உடம்புச் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். சூப் குடித்தால் ஏறும். குடிக்காதவர் விறைத்து விழுந்துவிடுவார். யாராவது வந்து தூக்க வேண்டும். ஆள் குறைந்தாலும் ஓட்டலாம், வேலை கூடும். ஆளுக்கொரு ஊரில் இருந்தபடி ஹெட்செட்டில் பேசிக்கொண்டே ஆடலாம்.

அப்படித்தான் அவளுடைய தோழிகள் ஆடினார்கள். ஆன்மேரி பெங்களூரில் இருந்தாள், சரண்யாதேவி மஸ்கட்டில், கனகா திருப்பூரில். கல்லூரி விடுதியில் நால்வருக்கும் ஒரே அறை. படிப்பு முடிந்து பிரிந்த பிறகும் ஞாயிறு மாலையில் நால்வரும் போனில் பேசுவது தவறியதில்லை. ஏப்ரலில் ஆன்மேரி இந்த விளையாட்டைக் கொண்டுவந்தாள். அதன்பின் பேச்சு மெல்ல அதற்குள் போய்விட்டது. சண்டை எதுவும் இல்லை. மூவரும் ஆடிக்கொண்டே எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார்கள். தமிழ்வாணியைத் தனியாக அழைத்துச் சொல்ல மிச்சம் இருக்கவில்லை. கனகா கர்ப்பமாக இருக்கிற செய்தியே வாட்ஸ்அப் குழுவில் ஏதோ ஒரு கேலிக்கு நடுவில்தான் அவள் கண்ணில் பட்டது. பதறிப்போய் அழைத்து வாழ்த்துச் சொன்னாள்.

"ஏய், உனக்குத் தெரியாதா? அன்னைக்கு ரெண்டாவது சுரங்கத்துல சொன்னேனேடி" என்றாள் கனகா. பிறகுதான் விளையாட்டில் வரும் அந்தச் சுரங்கத்தில் தமிழ்வாணி இல்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது.

வாடி, வாடி என்று அவர்கள் கூப்பிடாத வாரமில்லை. கரண்ட் இல்லை, நெட் இழுக்கிறது, வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது என்று தமிழ்வாணியும் ஏதாவது சொல்லிவந்தாள். உண்மைக் காரணம் ஒரு வீடியோ. புதிதாக வந்த ஒருவர் தவறான விசையை அழுத்த, மற்றவர்கள் அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த ரயில் கவிழ்ந்துவிடும். அவர்கள் அவரை வறுத்தெடுப்பார்கள். யாரோ யாரையோ திட்டியதுதான். ஆனால் அதைப் பார்த்ததிலிருந்து, 'சேர்' என்ற பொத்தானுக்கு அம்புக்குறியை நகர்த்தியதும் அவள் விளையாட்டையே மூடிவிடுவாள். அதிலும் இவர்கள் மூவருக்கும் தேர்வுக்கு முதல் நாள் பாடம் சொல்லிக்கொடுத்தவள் அவள். அவர்கள் முன்னால் எதுவும் தெரியாதவளாக நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஆன்மேரியிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

"வாணி, செப்டம்பர் ஒண்ணாந் தேதி பந்தயம் ஆரம்பிக்குது. அதுக்கு நாலு பேரு கட்டாயம் வேணும். பேரு குடுத்துட்டா டிசம்பர் வரைக்கும் ஆள மாத்த முடியாது. ஞாயித்துக்கிழம சாயங்காலம் ஆறு மணிக்கு வா. நீ வரலன்னா என் தம்பி ஜினோவச் சேத்துருவோம், ஒரு மாசமா அவன் என் உசுர வாங்குறான். கோவிச்சுக்காதடி."

கோவிச்சுக்காதடி என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழ்வாணி பலமுறை கேட்டாள். ஆன்மேரி அவளிடம் இதற்கு முன் அப்படிச் சொன்னதில்லை.

ஆறு மணிக்குத் தோழிகளோடு ஆடுவதற்கு முன் முன்பின் தெரியாதவர்களோடு ஒருமுறை ஆடிப் பார்த்துவிடுவது என்பது அவள் திட்டம். அங்கே அசிங்கப்பட்டாலும் யாருக்கும் தெரியாது. 'வைகை29' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டாள். ஆட்கள் தேடும் பட்டியலில் 'மதுரைக்காரய்ங்க. புதுசா வாறவுகளும் வரலாம்' என்று ஒரு வரி இருந்தது. அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழுத்தினாள்.

"வாங்க வைகை, வணக்கம். நான் ராஜபாண்டி, வண்டியூரு. இன்ஜின்ல நிக்கிறவன் உக்கிரபாண்டி, அவனியாபுரம். மைக் இருக்கா?"

தமிழ்வாணி தட்டெழுதினாள்: மைக் ரிப்பேர்.

"பரவால்ல மாப்ள, தட்டியே விடுங்க. எம்புட்டு நாளா ஆடுறீங்க?"

இன்னைக்குத்தான்.

"அப்ப சூப்பப் பாத்துக்கங்க. பிக்கல் பிடுங்கல் இல்லாத வேல" என்றான் உக்கிரபாண்டி. கரியையும் அவனே போட்டுக்கொள்வதாகச் சொன்னான்.

ரயில் கிளம்பியது. தமிழ்வாணி சட்டியை ஏற்றி, சூப் கொதித்ததும் முதல் கிண்ணத்தைப் பிரேக் அருகே நின்ற ராஜபாண்டியிடம் கொடுத்தாள். அடுத்ததை இன்ஜின் வரை கொண்டுபோய் உக்கிரபாண்டியிடம் கொடுத்தாள். திரும்பி வருவதற்குள் ராஜபாண்டியின் சூடு இறங்கியிருந்தது. அவனுக்கு மறுபடி ஊற்றினாள். தன்னுடைய சூடு இறங்கிக்கொண்டிருப்பதும் திரையின் ஓரத்தில் தெரிந்தது. எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிட்டுக் குடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

வீட்டில் அதுதான் நடைமுறை. அன்று மதியமும் கணவன் சிவபாண்டி, மாமியார் சுந்தரம்மாள், வந்திருந்த நாத்தனார் குடும்பம் எல்லோரும் கறிக்குழம்பு சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் தட்டை எடுத்தாள். அதை அவள் ஒரு பழக்கம் என்றுகூட நினைத்ததில்லை. வீட்டில் பந்தி எப்படியும் ஒரு கட்டத்தில் முடிந்துவிடும். பனிமலையில் அது முடியவில்லை. மூன்றாவது சுற்றில் அவளுடைய ஆள் கையில் கரண்டியோடு விறைத்துச் சாய்ந்தார்.

"ஏ மாப்ள, சூப்பு எங்கடா?" என்று இன்ஜினிலிருந்து உக்கிரபாண்டி ராஜபாண்டியைக் கேட்டான்.

"நானும் அதத்தான் தேடுறேன்."

"பின்னால போய்ப் பாரு."

ராஜபாண்டி கடைசிப் பெட்டிக்கு வந்தான். "டேய்! சமையக்காரரு விறைச்சுக் கெடக்காருடா! சட்டி நெறைய சூப்ப வச்சுக்கிட்டு விறைச்சுக் கெடக்காரு!"

இருவரும் சிரித்த சிரிப்பு ஹெட்செட்டில் இரைந்தது. பிரேக்கில் ஆள் இல்லாத ரயில் சரிவில் இறங்கி, வளைவில் தடம் புரண்டு, பனிக்குள் கவிழ்ந்தது.

தமிழ்வாணி அவசரமாகத் தட்டினாள்: மன்னிச்சிருங்க. என்னால உங்க ஆட்டம் போச்சு. நான் கிளம்புறேன்.

"எங்க கெளம்புறீங்க? ஒரு வண்டிதான கவுந்துச்சு" என்றான் ராஜபாண்டி. "இந்தா இருக்கானே, இவன் மொத வாரம் வண்டிய ரிவர்ஸ்ல விட்டு ஸ்டேஷனையே இடிச்சான்."

"அத இப்ப எதுக்குடா சொல்ற?"

"சொன்னாத்தான அவரு போகாம நிப்பாரு. வைகை, ஒண்ணே ஒண்ணு செய்ங்க. மொதக் கிண்ணத்த நீங்க குடிங்க. நீங்க விழுந்துட்டா எங்களுக்கு ஊத்த ஆளில்ல."

அவள் விரல் வெளியேறும் விசையின் மேல் இருந்தது. திட்டு வரும் என்று இன்னும் சிறிது நேரம் காத்திருந்தாள். வரவில்லை. விரலை எடுத்துக்கொண்டாள்.

இரண்டாவது ஓட்டத்தில் முதல் கிண்ணத்தை அவளே குடித்தாள். யாரும் பார்க்காத அந்தப் பெட்டியிலும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் சூடு இறங்கவில்லை, கைக்கு வேலை ஓடியது. ரயில் பாலத்தைத் தாண்டியது. அதன்பின் பனிக்காற்று வந்தது. அவள் அடுத்த சட்டியைக் கொதிக்க வைப்பதற்குள் அடுத்த பெட்டியில் பிரேக் அருகே ராஜபாண்டி விழுந்துவிட்டது கதவு வழியே தெரிந்தது. விழுந்தவர் குரல் மற்றவர்களுக்குக் கேட்காது என்பது விளையாட்டின் விதி. எதிரே சரிவு இருந்தது. இன்ஜினில் இருந்த உக்கிரபாண்டிக்கு எதுவும் தெரியவில்லை, வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தான். தமிழ்வாணி தட்டத் தொடங்கினாள். 'பிரே' என்று அடிப்பதற்குள் முதல் பெட்டி சரிவில் இறங்கிவிட்டது.

அவள் மைக்கைப் போட்டாள்.

"அண்ணே! பிரேக்குல நிக்கிறவரு விழுந்துட்டாரு! வேகத்தக் கொறைங்கண்ணே! கொறைங்க!"

ரயில் முனகியபடி வேகம் குறைந்தது. அவள் அந்தப் பெட்டிக்கு ஓடி ராஜபாண்டியைத் தூக்கி நிறுத்தி, கிண்ணத்தைக் கொடுத்தாள். வளைவு கடந்தது.

"உக்கிரா" என்றான் ராஜபாண்டி.

"சொல்லு."

"மாப்ள மாப்ளன்னு கூப்புட்டுக்கிட்டு இருந்தோமேடா."

"நீதான்டா கூப்புட்ட. தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே" என்றாள் தமிழ்வாணி.

"மைக் ரிப்பேருன்னீங்க?"

"இப்பத்தான் சரியாச்சு."

மறுபடியும் சிரிப்பு. ரயில் மூன்றாவது நிலையம் வரை போய், கரி தீர்ந்து நின்றது. அடுத்த வாரமும் வரச் சொன்னார்கள்.

சத்தம் கேட்டுச் சிவபாண்டி மாடிக்கு வந்திருந்தான். "யாருக்கு பிரேக் புடிக்கல? நம்ம வண்டியா?"

"ரயிலு."

"ரயிலா?"

"ஆமா. ஆறு மணிக்கு எனக்கு ஆட்டம் இருக்கு. எந்திரிக்க முடியாது. இன்னைக்கு டீ நீங்க போடுங்க."

அவன் திரையையும் அவளையும் பார்த்தான். "உன் நாத்தனாருக்கும் சேத்தா?"

"உங்க அக்காவுக்கும் சேத்துத்தான்."

அவன் இறங்கிப் போனான். கொஞ்ச நேரத்தில் கீழே பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

ஆறு மணிக்குத் தமிழ்வாணி தன் சொந்தப் பெயரில் உள்ளே போனாள்.

"வந்துட்டாடி மகாராணி!" என்று சரண்யாதேவி கத்தினாள். சூப் கனகாவிடம் இருந்தது, பிரேக் சரண்யாதேவியிடம், இன்ஜின் ஆன்மேரியிடம். தமிழ்வாணிக்குக் கரி. அவளுக்குச் சூப் வேலை பழகியிருந்தது, கரி பழகவில்லை. சுணங்கிவிடக் கூடாது என்று அள்ளி அள்ளிப் போட்டாள். இன்ஜின் ஊதியது, நடுங்கியது, பிறகு வெடித்தது.

"ஏ லூசு! என்ன, வீட்டு அடுப்புன்னு நெனச்சியா? இருக்குற கரியப் பூராம் இப்புடிக் கொட்டி வச்சிருக்க!" என்று ஆன்மேரி கத்தினாள்.

நான்கு மாதமாக அவள் பயந்துகொண்டிருந்த திட்டு இதுதான். கேட்ட பிறகு அது ஆன்மேரியின் குரல் மட்டுமாக இருந்தது. விடுதியில் வாளியை ஒளித்து வைத்தால் வருகிற அதே குரல்.

"சரி, சொல்லித்தாடி. எம்புட்டுப் போடணும்?" என்று கேட்டாள்.

"ஏய், வாணி நம்மகிட்ட பாடம் கேக்குறாடி!" என்றாள் சரண்யாதேவி. "இதப் பாக்கத்தான் இம்புட்டு நாளாக் காத்துக் கெடந்தேன்."

"கீயெல்லாம் தெரிஞ்சிருக்கே, எங்க பழகுன?" என்று கனகா கேட்டாள்.

"மதியம் ரெண்டு அண்ணன்மாரோட ஆடினேன். நம்ம ஊருதான்."

"பாத்தியா, எங்ககிட்ட வெக்கப்பட்டுக்கிட்டு முன்னப்பின்னத் தெரியாதவங்ககிட்டப் போய் ஒத்திகை பாத்துட்டு வந்துருக்கா!" ஆன்மேரிக்குக் கோபம் கொஞ்சம் நிஜமாகவே இருந்தது. பிறகு, ஊசி எந்தக் கோட்டுக்கு வரும்வரை கரி போட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று நிதானமாகச் சொன்னாள்.

அடுத்த ஓட்டத்தில் இன்ஜின் வெடிக்கவில்லை. சரண்யாதேவி பிரேக்கைப் பிடிக்க மறந்ததில் ரயில் கவிழ்ந்தது. நால்வரும் பனியில் நின்றுகொண்டிருக்கும்போது கனகா, "இருங்கடி, உள்ள ஒரு உதை. மொத உதை" என்றாள். தமிழ்வாணி உட்பட மூவரும் ஒரே நேரத்தில் அவளிடம் கேள்வி கேட்டார்கள். யார் கேட்டதும் யாருக்கும் புரியவில்லை.

ஏழு மணிக்கு மேல் ஆன்மேரி பந்தயத்துக்கு நான்கு பேரைப் பதிவு செய்தாள். நான்காவது பெயர் தமிழ்வாணி. இந்தமுறை இடமில்லை என்று தம்பி ஜினோவிடம் ஆன்மேரியே சொல்லிக்கொண்டாள்.

பந்தயம் செப்டம்பர் ஒன்றாம் தேதி தொடங்கியது. முதல் ஓட்டத்தில் அவர்களுடைய ரயில் மலையைத் தாண்டவில்லை. இரண்டாவது ஓட்டத்தில் தாண்டியது.