கேட்டதற்குக் கூலி

அனுமதிச் சீட்டு சரியில்லையென்று இந்தியக் கரையிலுள்ள மண்டபம் முகாமில் நிறுத்திவைக்கப்பட்ட தங்கையை இலங்கைக்கு வரவழைக்க, நிவித்திகல தோட்டத்து வெள்ளச்சி தன் காதுத் தோடுகளைக் கழற்றி இரத்தினபுரியில் வக்கீல் தொழில் பார்த்த புரக்டரின் மேசைமேல் வைத்தாள்.

“இது நீ சொன்னதைக் கேட்டதுக்கு. மனு எழுத வேற, அனுப்ப வேற,” என்றார் அவர்.

“தங்கச்சி வந்துருவாளாங்க?”

“அதுக்கு நான் பொறுப்பில்ல.”

வெள்ளச்சி தோடுகளின்மேல் கையை வைத்தாள். “நீங்க பேசினதை நானுந்தானே கேட்டேன் தொரை? எனக்கு என்னா கூலி தருவீங்க?”

வாசலில் காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். புரக்டர் வாய் திறப்பதற்குள் அவள் தோடுகளை அள்ளிக்கொண்டு படியிறங்கினாள். தெருவுக்கு வந்தபின்தான் தங்கையின் முகம் நினைவுக்கு வந்து அழுகை முட்டியது. ஆனாலும் திரும்பிப் போகக் கால் எழவில்லை.

“கேக்கவே கூலியாம், படுபாவி!” என்று காறித் துப்பிவிட்டு, நிவித்திகலப் பாதையில் நடந்தாள்.