கடைசி வார்த்தையும் மூன்று கபானாக்களும்

காலையில் எழுந்தேன். மோட்டரைப் போட்டுத் தண்ணீர்த் தாங்கி நிரம்பும் வரை நின்றேன். வாசலில் ஏறியிருந்த மணலைக் கூட்டினேன். பாணும் நேற்றைய சம்பலும் சாப்பிட்டேன். பிறகு மடிக்கணினியுடன் ஆலங்குடாவுக்குப் போனேன்.

அங்கே கடற்கரையில் ரிஃபாஸ் மச்சானுக்குப் பயணிகள் தங்குவதற்கான மூன்று கபானாக் குடில்கள் இருக்கின்றன. அவர் என் மனைவி அஸ்னாவின் அண்ணன்; அவள் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவாள். அவள் ஆஸ்பத்திரியில் மௌத்தாகி ஒரு வருடமாகிறது. கபானாக்களின் இணையப் பக்கத்தை ஆங்கிலத்தில் எழுதித் தரக் கேட்டிருந்தார். திறப்புக்கு முந்திய ஆயத்தக் காலம் என்பதற்குத் தலைப்பில் ‘ப்ரீ-ஓப்பனிங்’ என்று தட்டினேன்.

“நடுவுல என்ன கோடு?” என்றார் மச்சான்.

“ரெண்டு சொல்லையும் சேர்க்கிற கோடு. அப்படித்தான் எழுதுறது.”

“நல்லம். நாம அந்தக் கோட்டத் தாண்டாம இரிப்போம்.”

இந்தக் கரையில் அதுதான் வழக்கம். காற்றுக் காலத்தில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள், இன்னும் திறக்காத இடம் என்றால் எதையும் மன்னிப்பார்கள். தண்ணீர் நின்றால் சிரிப்பார்கள். கதவு கழன்றால் படம் எடுப்பார்கள். பக்கத்து ஹோட்டல் நாலாவது வருடமாகத் திறக்கப்போகிறது.

“இனி கதையப் போடுங்க மச்சான். கதை இல்லாம ஆரும் வாறல்ல. ‘என்ட தங்கச்சிட கடைசி வார்த்தை’ எண்டு தொடங்குங்க” என்றார் ரிஃபாஸ் மச்சான்.

என் விரல் நின்றது. “என்ன வார்த்தை?”

“‘நானா, கதவத் தொறங்க, உலகம் வரட்டும்!’”

அவர்களுடைய உம்மா, என் மாமி கமறியா, சமைத்துக்கொண்டிருந்த குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். “பொய் செல்லாதடா. புள்ள ‘உம்மா’ எண்டுதான் கூப்பிட்டிருப்பா.”

“அத வெள்ளக்காரனுக்கு எப்புடி உம்மா விக்கிற?”

அவள் கடைசியாகப் பேசிய நேரத்தில் இவர்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வாசலில் காவலாளியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். வார்டில் நான் மட்டும்தான் நின்றேன். அவளுடைய குரலில் எனக்கு மிஞ்சியது அப்போது அவள் சொன்ன ஒரு வாக்கியம். இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. மச்சானுடைய வாக்கியத்தை என் கையால் தட்டினால், அடுத்த காற்றுக் காலத்துக்குள் எனக்கும் அதுதான் ஞாபகத்தில் நிற்கும்.

“எழுத மாட்டேன்” என்றேன். “அவ அப்படிச் சொல்லல்ல.”

“அப்ப என்னதான் சென்னா? நீங்களே செல்லுங்க.”

மாமி அகப்பையோடு வந்து நின்றார். மச்சான் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று இருவரும் என் வாயைப் பார்த்தார்கள்.

சொன்னேன்.

“‘வாழப்பழத் தோலக் கட்டிலுக்குக் கீழ போடாதீங்க, நர்ஸ் ஏசுவா.’”